தாயத்தும் தலையணைத் திருமறையும்

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சபையாரின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் போதகர், பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் தாயத்தைக் கண்டால் கண்டிக்கிறார். அதே பிள்ளையின் தலையணைக்கடியில் திருமறையைக் கண்டால் மகிழ்கிறார். இரண்டுக்கும் வேறுபாடு யாது என்று கேட்பாரில்லை.

சுவீடன் நாட்டு அருட்பணியாளரும் பின்னாளில் தரங்கைப் பேராயருமான கார்ல் குஸ்தாவ் டீல், தென்னிந்தியச் சடங்குகளைக் குறித்து 1956இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்குக் 'கருவியும் நோக்கமும்' எனப் பொருள்படத் தலைப்பிட்டார். கிறிஸ்தவரிடையே கலந்து வழங்கும் பழக்கங்களை 1965இல் மற்றொரு நூலில் ஆராய்ந்தார். மூடப்பழக்கம் என ஒரே சொல்லில் தள்ளிவிடாமல் உற்று நோக்கியது அவர் செய்த தொண்டு. ஆயினும் கருவி, நோக்கம் என்னும் இணையை அப்படியே ஆயர் பணிக்கு எடுத்துக்கொள்வதில் இடருண்டு. நோக்கம் ஒன்றே, கருவியை மாற்றினால் போதும் என்று தோன்றிவிடும். செப்புத் தகடோ தொப்புள்கொடியோ அடைத்த தாயத்துக்குப் பதில் சிலுவை; மந்திரித்த கயிற்றுக்குப் பதில் ஜெபித்த எண்ணெய். திருமாலின் ஐந்து படைகளைப் பொறித்த ஐம்படைத் தாலியைப் பிள்ளைக்கு அணிவித்த பழந்தமிழ்த் தாய் வேண்டியதும் காவலே. காவல் வேண்டுவது குற்றமன்று. காப்பவரைக் கயிற்றில் முடிந்துவைக்க எண்ணுவதே நாம் மறுப்பது. மாற வேண்டியது நோக்கமுமாகும்.

இக்கேள்வி புதிதன்று. ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகர் ஆயராயிருந்த அகஸ்தீன், யோவான் சுவிசேஷத்தைப் பற்றிய ஏழாம் பிரசங்கத்தில், தலைவலி கண்டோர் சுவிசேஷப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைப்பதைக் குறிப்பிடுகிறார். அவர் மகிழ்ந்தார், புத்தகம் அதற்கென்று ஏற்பட்டதாலன்று, காப்புக் கயிற்றைவிட அதை மேலாகக் கருதினார்களே என்பதால். அதன்பின்னரே, பாவம் தீர அதை இருதயத்தில் வைக்கலாகாதோ என்று வினவினார். இவ்வரிசை முக்கியமானது. நம் போதகருள் சிலர் மகிழ்வதோடு நின்றுவிடுகின்றனர். சிலர் மகிழாமலே வினவுகின்றனர். காய்ச்சல் கண்ட பிள்ளையை இரவெல்லாம் மடியில் வைத்திருந்த தாய்க்கு இவ்விருவராலும் பயனில்லை.

திருமறையிலும் இதற்கு இடமுண்டு. எசேக்கியேல் 13:18இல் பழைய மொழிபெயர்ப்பு 'தழுவணை' என்று கூறுவது, கையில் கட்டும் மந்திரக் கட்டு என்பதே இன்றைய வேத அறிஞர் பலரின் கருத்து. மெத்தை தைத்த பெண்களைத் தீர்க்கதரிசி ஏன் இத்துணைக் கடுமையாகச் சாட வேண்டும் என்று மாணவர் வியப்பது இச்சொல்லால்தான். அவர் சாடுவது கட்டிக்கொண்ட எளியோரையன்று. கைப்பிடி வாற்கோதுமைக்காகக் கட்டுகளைத் தைத்துக் கொடுத்தோரை. எண்ணெய்க் குப்பியையும் காணிக்கை உறையையும் சேர்த்தே வழங்கும் ஊழியர் எவரும் இவ்வதிகாரத்திலிருந்து பிரசங்கிக்க நாம் கேட்டதில்லை.