தோலுக்குள் ஒரு தடிப்பு

பொதுச் சுகாதாரப் பணியாளர்களுக்கான பயிற்சி நிறுவனம் பூந்தமல்லியில் இருப்பதைப் பலர் பஸ்ஸில் கடந்துபோகும்போது கவனிப்பதில்லை. எனக்கோ அதைக் கடக்கும்போது செவிலியர் பயிற்சி நினைவுக்கு வரும்; செவிலியர் பயிற்சி என்றாலே காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசிதான்.

துணைச் செவிலியருக்கான ஏ.என்.எம். இரண்டு ஆண்டுப் படிப்பு. பிரசவம் பார்ப்பது, ரத்த அழுத்தம் அளப்பது, தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் பேக் அடுக்குவது என எல்லாம் அதில் உண்டு. ஆனால் விரல்கள் தேர்ந்துவிட்டதைக் காட்டுவது பி.சி.ஜி. என்ற இந்த ஓர் ஊசிதான்.

பிறந்த குழந்தைக்கு மருந்து 0.05 மில்லி மட்டுமே. இடது மேற்கையின் தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்க்க, கிட்டத்தட்டப் படுக்கவைத்தே செலுத்த வேண்டும். மருந்து தோலைத் தாண்டி உள்ளே இறங்கிவிடக் கூடாது; வெளியே கசியவும் கூடாது. சரியாக இறங்கினால் துவரம்பருப்பு அளவில் வெளிறிய தடிப்பு எழும். வீறிட்டுக் கைகால் உதைக்கும் பிஞ்சின் மேல் இதைச் செய்யும் நிதானத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

வேலை அதோடு முடிவதில்லை. சில வாரங்களில் அங்கே கொப்புளம் வந்து உடையும். “நர்சம்மா, ஊசி போட்ட இடம் பழுத்துடுச்சு, மஞ்சள் வைக்கட்டுமா?” என்று அம்மா பதறி வருவாள். “ஒண்ணும் வைக்காதம்மா, தானா ஆறிடும். மருந்து வேலை செய்யுது” என்று சொல்லி, அடுத்த ஊசிக்கான தேதியை அட்டையில் எழுதித் தருவதும் அதே பயிற்சியில் கற்றதுதான்.