மொட்டைமாடியில் ஒரு கம்பி

தாம்பரத்தில் ஒரு மொட்டைமாடி இருந்தால் போதும்; அமெச்சூர் வானொலியின் 20 மீட்டர் அலைவரிசைக்கு 10 மீட்டர் கம்பியை ஆன்டெனாவாகக் கட்டிவிடலாம். ரேடியோவில் வரும் குறிகைகளைக் கணினியில் எழுத்தாக்க டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ்: 1993-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் தொடங்கிய திறமூல மென்பொருள், இலவசம். விண்டோஸில் சொடுக்கினால் ஏறிவிடும். மேக்கில் பகிர்வு நினைவகத்தின் அளவைக் கூட்ட ஒரு கோப்பு சேர்க்க வேண்டும். உபுண்டுவில் ஒரே வரிக் கட்டளைதான். ஆனால் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்க்காவிட்டால் ரேடியோ பெரும்பாலும் கணினிக்குக் கட்டுப்படாது.

எதில் நிறுவினாலும் கணினியின் கடிகாரம் துல்லியமாக ஓடவேண்டும். ஏனெனில் இந்த மென்பொருளின் எஃப்டி8 என்னும் இலக்க முறையில் 15 விநாடிக்கு ஒரு முறை ஆள் மாறிப் பேசுகிறார்கள். காதுக்கு வெறும் இரைச்சல்; திரையிலோ எங்கோ ஒரு நாட்டுக்காரரின் அழைப்புக்குறி எழுத்துகளாக நிற்கிறது. என்ன அழகு!

பதில் அனுப்ப அமெச்சூர் உரிமம் வேண்டும். புறநகர் இளைஞர்களே, அந்த உரிமத்துக்கான தேர்வை எழுதுங்கள்.