அந்திமஸ்ம்ருதியும் பெரியாழ்வாரின் அச்சமும்

பெரியாழ்வார் திருமொழியில் மரணத் தறுவாயைக் காட்டும் பதிகங்களுள் இரண்டு ஒப்புநோக்கத்தக்கவை: நாலாம் பத்தின் ஐந்தாம் திருமொழியும், அப்பத்தின் பத்தாம் திருமொழியும். முன்னது பிறர்க்கு உபதேசம். உற்றார் சூழ்ந்திருந்து, வைத்த பொருள் எங்கே என்று கேட்க, விடை சொல்ல வாயெழாமல் கிடப்பவனைக் காட்டி, அந்நிலை வருமுன்னே திருநாமம் சொல்லும்படி பணிக்கிறார். பின்னது திருவரங்கத்து அரவணைப்பள்ளியானிடம் தம்பொருட்டுச் செய்யும் விண்ணப்பம். இரண்டும் ஒரே கருத்தைச் சொல்வனவாகக் கொள்வாருளர். அது பொருந்தாது. முன்னதில் பரிஹாரம் சேதநனுடைய வாக்கில் உள்ளது. பின்னதில் எம்பெருமானுடைய திருவுள்ளத்தில் உள்ளது.

இம்மாற்றத்துக்கு ஹேது பத்தாம் திருமொழியின் முதற்பாசுரத்திலேயே உண்டு. ஆனைக்கு அருளியதை எடுத்துக்காட்டிய ஆழ்வார், இளைப்பு வந்து நலியுங்கால் தமக்கு அவனை நினைக்க இயலாது என்கிறார். மடுவில் இளைத்த ஆனைக்குக் கூப்பிடும் குரலேனும் எஞ்சியிருந்தது; தமக்கு நினைவும் எஞ்சாது. ஆகவே அவர் அஞ்சுவது உடல் விழுவதையன்று, மறதியையே.

இவ்வச்சம் சாஸ்த்ரவிரோதமன்று. அந்திமநினைவின்படியே கதி என்று கீதையின் எட்டாம் அத்யாயம் கூறும். விஷ்ணுபுராணத்துப் பரதன் மானை நினைத்து உயிர்விட்டு மானாய்ப் பிறந்தான். ப்ரபந்நனுக்கு இதற்கு மறுமொழி இருவகையில் கிடைக்கிறது. நலமாயிருக்கும்போது தன்னை நினைத்தவனை, அவன் கட்டையும் கல்லும்போல் கிடக்கும்போது தானே நினைப்பதாக வராஹநாயனார் பூமிப்பிராட்டிக்கு அருளினார். அந்திமஸ்ம்ருதி வேண்டுவதில்லை என்பது, தேவப்பெருமாள் திருக்கச்சிநம்பிகள் வாயிலாக எம்பெருமானார்க்கு அருளிய ஆறு வார்த்தைகளுள் ஒன்று.

அங்ஙனமாயின் விண்ணப்பம் எதற்கு? அது ரக்ஷணத்துக்கு விலையன்று. ரக்ஷகனை அறிந்தவனின் பேச்சு. ஒருமுறை சொல்லி அமையாமல் பாசுரந்தோறும் அவனை விளிப்பதால், விச்வாஸமும் அச்சமும் ஒரே நெஞ்சில் கூடியிருக்கலாம் என்பதும் தெளிவாகிறது. அச்சமுடைமை விச்வாஸக் குறைவாகாது.

கொங்குநாட்டார்க்கு இதற்கு அணுக்கமான ஒரு வ்ருத்தாந்தம் உண்டு. வற்கடத்தால் திருவரங்கம் சென்றிருந்த கொங்குப்பிராட்டியார் எம்பெருமானாரிடம் த்வயம் பெற்றார். ஊர் திரும்பும் வேளையில் அது மறந்துபோக, எம்பெருமானார் மீண்டும் அருளினார் என்பர். மறதியால் அந்த ஸம்பந்தம் அறவில்லை.

காங்கேயத்தைச் சுற்றியுள்ள இல்லங்களில், கோவை மருத்துவமனையில் செயற்கைச் சுவாசத்தோடு கிடந்து, நினைவு திரும்பாமலே திருநாடு எய்திய பெரியோரைக் குறித்து, “திருநாமம் சொல்லாமல் போய்விட்டாரே” என்று மக்கள் ஏங்குவதுண்டு. அவர்க்கு இப்பதிகம் நேரான விடை. நினைவு தப்பும் என்பதை ஆழ்வார் முன்னமே அறிந்து, அப்பொறுப்பை உறங்குவான்போல் கிடக்கும் அவனிடம் வைத்தார். முதியோர் தெளிவோடிருக்கும் நாளிலேயே அவர் அருகிருந்து இதனை அநுஸந்திப்பது நமக்குத் தகும்.