ஈயச்சட்டியில் துத்தநாகம்

அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டுகளை வீட்டிலேயே வார்ப்பவர்களுக்கு நெடுங்காலம் கைகொடுத்தது டயர் கடைக் கழிவு. சக்கரங்களைச் சமன்செய்யப் பொருத்தும் பழைய எடைத்துண்டுகள் பெரும்பாலும் ஈயம். உறுதிக்குக் கொஞ்சம் ஆன்டிமனி, துளி வெள்ளீயம். குண்டு வார்க்க அளவான கலவை.

ஈயம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் கார்களுக்கு ஈய எடைகளைத் தடுத்தது. 2010-இல் கலிஃபோர்னியாவும் தடுத்தது. அந்த இடத்துக்கு இரும்பும் துத்தநாகமும் வந்தன.

இரும்பால் தொல்லையில்லை, உருகாமல் மிதக்கும். துத்தநாகம் அப்படியல்ல. கரைந்துவிட்டால் உருகிய ஈயம் கூழாகத் திரண்டு, மேலே ஆடை கட்டும். அச்சின் மூலைகளுக்குள் ஓடாது. குண்டின் விளிம்புகள் மழுங்கிப்போகும், எடையும் குறையும்.

தேர்ந்த கைகளின் அழகு தெரிவது துத்தநாகத்தைப் பிரித்தெடுப்பதில்தான். சில துண்டுகளில் 'இசட்என்' முத்திரை இருக்கும். இல்லையென்றால் காது போதும்: தரையில் போட்டால் ஈயம் 'தொப்'பென விழும், துத்தநாகம் கிணுகிணுக்கும். கட்டிங் பிளேயருக்கு ஈயம் வளைந்துகொடுக்கும். துத்தநாகம் முரண்டு பிடிக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு பட்டால் நுரைத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றையும் மீறி ஒன்றிரண்டு சட்டிக்குள் விழுந்தாலும் வெப்பமானி காப்பாற்றும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419-இல். இடைப்பட்ட சூட்டில் நிறுத்தினால், அடர்த்தி குறைந்த துத்தநாகத் துண்டுகள் முழுசாக மேலே மிதக்கும். கரண்டியால் வழித்தெடுத்துவிடலாம், அடுப்பை அவசரமாக ஏற்றியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.