எல்-1 மட்டும் போதுமா?

அரசுக் கொள்முதல் பிரிவுகளில் எல்-1 என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. தகுதி பெற்ற ஒப்பந்தப்புள்ளிகளில் மிகக் குறைந்த விலை கேட்டவர் எவரோ, ஆணை அவருக்கே. இந்த வழக்கத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் வேண்டியவருக்கு வேலையைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கத்துக்கு இது போட்ட தடை சாதாரணமானதல்ல. விலை ஓர் எண். எல்லோர் முன்னிலும் உறை பிரித்துப் படித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 1998-இன் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 10-ஆம் பிரிவில், குறைந்த ஒப்பந்தப்புள்ளி எது என்பதை ஆவணத்தில் முன்பே அறிவித்த, அளவிடத்தக்க காரணிகளைக் கொண்டு, அவற்றுக்கு உரிய மதிப்பளித்துக் கண்டறியச் சொல்கிறது. பல அலுவலகங்களோ விலைக் கட்டத்தை மட்டும் பார்த்துக் கோப்பை மூடுகின்றன. கட்டுப்படியாகாத விலை கேட்டு ஆணை வாங்கியவர் தரத்தில்தான் கைவைப்பார். டெண்டருடன் கட்டும் இஎம்டி என்னும் முன்வைப்புத் தொகை அவர் பின்வாங்காமல் பார்த்துக்கொள்ளும். மட்டமான சரக்கை அது கண்டுபிடிக்காது. போட்டியாளர்கள் கூடிப் பேசி முறை வைத்துக்கொண்டால் அந்தக் குறைந்த விலையே பொய்.

இதே முறையைச் சரியாகக் கையாண்டதற்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைச் சொல்வேன். 1994-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் மருந்து வாங்குவதும் விலை பார்த்துத்தான். ஆனால் இரண்டு உறைகள். உற்பத்தியாளரின் உரிமம், தயாரிப்புத் தரச் சான்று, ஆண்டு விற்றுமுதல் எல்லாம் முதல் உறையில். அதில் தேறாதவரின் விலை உறை பிரிக்கப்படாது. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, நிறுவனத்தின் பெயரை மறைத்து, குறியீட்டு எண்ணுடன் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய பிறகே மருந்து மருத்துவமனைக்குப் போகிறது. எல்-1 நிறுவனத்தால் தேவை முழுவதையும் தர முடியாதபோது, அதே விலைக்கு இசையும் அடுத்தவருக்கும் ஆணையைப் பகிர்ந்து கொடுக்க வழி உண்டு. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இந்த வழியில் கழகங்கள் அமைத்தன. அரசு மருத்துவமனையில் இலவச மாத்திரை வாங்கும் ஏழைக்கு அதன் தரத்தைச் சோதிக்க வேறு நாதியில்லை. அந்தச் சோதனையை அவருக்காகச் செய்வதுதான் இந்த ஏற்பாட்டின் பெருமை.

2021 அக்டோபரில் ஒன்றிய நிதி அமைச்சகம், தரம் முக்கியமான பணிகளில் விலை அல்லாத காரணிகளுக்கு 30 விழுக்காடு வரை மதிப்பெண் தரலாம் என்று அனுமதித்தது. பாலம், கட்டடம் போன்றவற்றுக்கு இது நல்லது. ஆனால் மதிப்பெண் போடுவதில் விருப்பு வெறுப்பு நுழைய இடமுண்டு. எல்-1 அடைத்த வாசல் அங்கே மறுபடி திறக்கும். மேசை, மாத்திரை, சீருடைத் துணி போன்ற சோதித்துப் பார்க்கக்கூடிய பொருள்களுக்கு எல்-1 முறையே போதும், சோதனை உண்மையாக நடந்தால். ஆகவே டெண்டர் ஆவணம் எழுதும் அதிகாரிகள், விலைப்பட்டியலை வரையும் முன் சரக்கை யார், எப்போது, எப்படிச் சோதிப்பார் என்ற பக்கத்தை முதலில் எழுத வேண்டும்.