உறுமல் யாருடைய சொத்து?

ஓர் இசைக்குழு தான் பாடும் விதத்தை மாற்றிக்கொண்டால் அதற்குத் ‘துரோகம்’ என்ற சொல் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது? கட்சியில், இயக்கத்தில், காதலில் புழங்குகிற சொல் அது. காசு கொடுத்து இசைத்தட்டு வாங்கினவன் மிஞ்சிப்போனால் ‘ஏமாந்துட்டேன்’ என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் 2011 செப்டம்பரில் சுவீடனின் ஓபெத் குழு தன் பத்தாவது தொகுப்பான ‘ஹெரிடேஜ்’ஜை வெளியிட்டபோது ரசிகர்களில் கணிசமான பேர் ஏமாற்றம் என்பதோடு நிற்கவில்லை, துரோகம் என்றே பேசினார்கள். எதிர்த்தரப்பினர் ‘முதிர்ச்சி’ என்றார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில் ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமெண்ட்’ தொகுப்பில் பழைய குரல் திரும்பி வந்தது. சண்டை மட்டும் தீரவில்லை. இதை யாரோ வெள்ளைக்கார விடலைகளின் கூப்பாடு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கலைஞன் மாறும்போது அவனோடு கூடவே வளர்ந்தவர்களுக்கு அதில் என்ன பாத்தியதை என்கிற கேள்வி, எழுதுகிற நமக்கும் வாசிக்கிற நமக்கும் உள்ளதுதான்.

பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம். ஓபெத் 1990-இல் ஸ்டாக்ஹோமில் உருவான குழு. அதே ஊரில் அதே ஆண்டில்தான் என்டூம்ட் குழுவின் ‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ வந்து, சுவீடிஷ் டெத் மெட்டல் என்றால் இப்படித்தான் ஒலிக்கும் என்று ஆக்கியது. டெத் மெட்டலில் பாடகன் பாடுவதில்லை, உறுமுகிறான். குரல்நாண்களுக்குச் சற்று மேலே பொய்க் குரல்மடிப்புகள் என்று உண்டு. சாதாரணப் பேச்சில் சும்மா கிடக்கிற அவற்றையும் அதிர வைத்து எழுப்புகிற ஒலி அது. தொண்டை கிழியக் கத்துவது என்று நினைத்தால் தப்பு. கிழியாமல் இருக்கத்தான் பயிற்சியே. பாடல்களைப் பெரும்பாலும் தானே எழுதி, கிட்டார் வாசித்து, பாடவும் செய்கிற மிகேல் ஓகர்ஃபெல்ட் இதில் கைதேர்ந்தவர். ஆனால் ஓபெத்தின் பெயர் உறுமலால் மட்டும் நிலைக்கவில்லை. பத்து நிமிடம் ஓடும் ஒரே பாட்டுக்குள் உறுமல் சட்டென்று நின்றுபோகும். மெல்ல வருடுகிற அக்கூஸ்டிக் கிட்டாரும், தனக்குத்தானே முனகிக்கொள்கிற மாதிரி ஒரு மென்குரலும் வரும். அதில் நாம் கரையத் தொடங்கும்போது உறுமல் திரும்ப வந்து மோதும். 2001-இல், தயாரிப்பில் ஸ்டீவன் வில்சனும் சேர்ந்துகொண்ட ‘பிளாக்வாட்டர் பார்க்’கில் இந்த மாறி மாறி வருதல் அதன் உச்சத்தைத் தொட்டது.

‘ஹெரிடேஜ்’ஜில் உறுமல் அடியோடு இல்லை. மெலட்ரான், ஹாமண்ட் ஆர்கன், புல்லாங்குழல் என்று எழுபதுகளின் வாத்தியங்கள். தொடக்கமே ஒரு தனிப் பியானோத் துண்டு. சுவீடன் நாட்டுப்பாடல்களை ஜாஸ் பியானோவுக்குக் கொண்டுவந்த யான் யோஹான்சனின் நிழல் அதன்மேல் விழுந்து கிடக்கிறது. முந்தைய ‘வாட்டர்ஷெட்’ (2008) பாணியிலேயே முதலில் இரண்டு பாட்டுகள் எழுதினதாகவும், இப்படியே போனால் எனக்கு ஏமாற்றம்தான் என்று பேஸ் கிட்டார்காரர் மார்ட்டின் மெண்டெஸ் சொன்னதும் அவற்றைத் தூக்கிப் போட்டதாகவும் ஓகர்ஃபெல்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆக ‘ஏமாற்றம்’ என்ற சொல்லை முதலில் உச்சரித்தது ரசிகன் இல்லை, குழுவுக்கு உள்ளேயே இருந்த ஒருவர்.

இங்கே ‘புரொக்ரெசிவ்’ என்ற பட்டத்தைப் பற்றி ஒன்று. நம் வழக்கப்படி அதை ‘முற்போக்கு’ என்று எழுதினால் நல்ல வேடிக்கை. எழுபதுகளில் சில ஆங்கிலேயக் குழுக்கள் ராக் இசையின் மூன்று நிமிட வரம்பை உடைத்தபோது அது ஒரு வினை. பிறகு கடைகளில் ஒரு அலமாரியின் பெயர். நாற்பதாண்டு பின்னோக்கிப் போன ஓகர்ஃபெல்ட்டை அவரது ஆதரவாளர்கள் ‘முன்னேறிவிட்டார்’ என்று கொண்டாடினார்கள். எதிர்த்தவர்கள் ‘பின்னேறிவிட்டார்’ என்று சொல்லியிருந்தால்கூட அர்த்தம் இருந்திருக்கும். அவர்களோ நேற்றைக்கு நீ நின்ற இடத்திலேயே நில் என்றார்கள். முற்போக்கு என்ற சொல் இப்படிப் பாடாய்ப் படுவது நமக்கொன்றும் புதிதில்லை.

சரி, உறுமலுக்கு வருவோம். ரோலான் பார்த் 1972-இல் குரலின் ‘மணிப்பதம்’ பற்றி எழுதினார். அர்த்தத்தையும் உணர்ச்சியையும் ஒழுங்காகப் பரிமாறுகிற குரல் ஒன்று. பாடுகிறவனின் உடம்பே, நாக்கும் பல்லும் சளிப்படலமுமாக, கேட்கிற குரல் இன்னொன்று. உறுமலில் இந்த இரண்டாவது அதன் எல்லைக்கே போய்விடுகிறது. சொற்கள் அழிந்துவிடுகின்றன. பாடலின் வரிகளைத் தாளில் படித்துக்கொண்டே கேட்டாலும் பிடிபடாது. ஆளும் அழிந்துவிடுகிறான். 2001-இல் வந்த ஆர்ச் எனிமி குழுவின் ‘வேஜஸ் ஆஃப் சின்’னில் உறுமுவது ஏஞ்செலா கோசோவ் என்ற பெண் என்பதை, சொல்லாமல் கேட்டவர்கள் கண்டுபிடிப்பது கஷ்டம். பால், வயது, ஊர் இந்த அடையாளங்களையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டு வெறும் உடம்பாக ஒலிக்கிற குரல். அதற்கு அடுத்த வினாடியே ஒரு தனிமனிதனின் தெளிவான, கொஞ்சம் கூச்சமுள்ள குரல் வந்தால்? ‘நான்’ என்று ஒருவன் உருவாகிற கணத்தையே ஒலியாகக் கேட்கிறோம் என்று எனக்குத் தோன்றும். ஓபெத் கண்டுபிடித்த விஷயம் இந்த எல்லைக்கோடு. உறுமலுக்கும் மென்குரலுக்கும் தனித்தனியே மதிப்புப் போடுவதில் பிரயோசனமில்லை.

ரசிகர்களின் புகாரை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உறுமல் இல்லாத ஓபெத்தை அவர்கள் 2011-இல்தான் முதன்முதலாகக் கேட்டார்கள் என்பது பொய். 2003-இல் வந்த ‘டாம்னேஷன்’ முழுக்க மென்குரல்தான். அன்றைக்குத் துரோகம் என்று இவ்வளவு பெரிய கூச்சல் கிளம்பவில்லை. ஏன்? அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘டெலிவரன்ஸ்’ அதே பதிவுக் காலத்தில் உருவான அதன் இரட்டை, அதில் உறுமல் உண்டு. ஒரு பாட்டுக்குள் இருந்த எல்லைக்கோடு இரண்டு தட்டுகளுக்கு நடுவே நகர்ந்திருந்தது, அழியவில்லை. ‘ஹெரிடேஜ்’ஜுக்கு இரட்டை கிடையாது. மென்குரல் அங்கே வெறும் மென்குரலாகிவிட்டது. எதிலிருந்தும் பிரிந்து வராத குரல். போதாததற்கு, உறுமல் மறைத்து வைத்திருந்த சொற்கள் வெளிச்சத்துக்கு வந்தன. ஓகர்ஃபெல்ட் அப்படியொன்றும் பெரிய கவி இல்லை என்பதும் தெரிந்துபோனது. 2019-இல் ‘இன் கௌடா வெனேனம்’ தொகுப்பைச் சுவீடிஷிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பதிப்புகளாகக் கொண்டுவந்தார். அந்த மொழி தெரியாத எனக்குச் சுவீடிஷ் பதிப்புதான் பிடித்தது. சொல் மறைந்து உடம்பு திரும்பக் கிடைத்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, கூச்சல் போட்ட ரசிகனின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. கேட்டதைச் சொல்ல அவனிடம் இருந்த மொழிதான் கோளாறு. வடிவத்தில் ஒன்று போய்விட்டது என்று சொல்ல வேண்டியவன், எனக்குச் சேர வேண்டியதைப் பிடுங்கிவிட்டாய் என்று சொத்துமொழியில் சொன்னான். அதோர்னோ 1938-இல் எழுதிய, கேட்டலின் பின்னடைவு பற்றிய கட்டுரையை இவன்மேல் தூக்கிப் போடுவது சுலபம். பழகினதையே திரும்பக் கேட்கிற குழந்தைத்தனம், பண்டத்தின் மாயக்கவர்ச்சி இத்யாதி. ‘ஹெரிடேஜ்’ அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 19-ஆம் இடத்துக்குப் போனது. ஆக, திட்டினவர்களும் வாங்கித்தான் திட்டியிருப்பார்கள் போலும். ஆனால் அதோர்னோ பார்க்காத ஒன்று உண்டு. இந்த மாதிரி இசையில் ரசிகன் வெறும் நுகர்வோனாக இருப்பதில்லை. வானொலி சீந்தாத இசையைக் கேசட்டில் நகலெடுத்து நண்பனுக்குக் கொடுத்தவன், வீட்டில் ‘என்னடா இது பேய் சத்தம்’ என்று வாங்கிக் கட்டிக்கொண்டவன், பத்து பேரிடம் இதற்காக வாதாடினவன். கூலியில்லாத உழைப்பு அது. துரோகம் என்ற இயக்கச் சொல் வருவது அங்கிருந்துதான். அந்த உழைப்புக்குக் கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்கு, அடுத்த பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று கட்டளையிடும் பத்திரமாக ஆகாது. 2011 சுற்றுப்பயணத்தில் உறுமல் பாட்டுகளே இல்லாமல் மேடையேறியபோது கூட்டத்திலிருந்து பழைய பாட்டுகளைக் கேட்டுக் கத்தினார்கள். கேட்பதற்கு உரிமை இருந்தது, மறுப்பதற்கும் இருந்தது. மறுத்ததற்காக நான் ஓகர்ஃபெல்ட்டை மதிக்கிறேன், அந்தத் தொகுப்பு எனக்குப் பாதிதான் பிடித்தது என்றாலும்.

எனக்கு அதிகக் கோபம் ‘முதிர்ச்சி’க்காரர்கள்மேல். உறுமல் என்றால் பையன்கள் விளையாட்டு, ‘நல்ல’ பாட்டு என்றால் பெரியவர்கள் சமாச்சாரம், ஓகர்ஃபெல்ட் ஒருவழியாக வளர்ந்துவிட்டார் என்பது இவர்களது கதையாடல். இதற்குள் ஒளிந்திருப்பது எது இசை, எது சத்தம் என்று தீர்மானிக்கிற பழைய அதிகாரம். இருபது வருஷம் இந்த இசையைச் சத்தம் என்று இகழ்ந்த அதே வாயின் சான்றிதழைத்தான் இவர்கள் வாங்கிக்கொண்டு வந்து சக ரசிகனின் முகத்தில் ஆட்டினார்கள். பூர்தியு சொன்ன பண்பாட்டு மூலதனம் மெட்டல் ரசிகர்களுக்குள்ளேயே எப்படிப் பங்கு பிரிகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். 2009-இல் ஓபெத் சென்னைக்கு வந்து ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் வாசித்தது. அன்று உறுமல் இருந்தது. அன்றைக்கு அங்கே இருந்த இரண்டு நண்பர்களோடு ‘ஹெரிடேஜ்’ பற்றிப் பின்னால் பேசியிருக்கிறேன். ‘இப்பதான் மியூசிக்கா இருக்கு’ என்றான் ஒருவன். அப்படியானால் அன்று கைகளை உயர்த்திக்கொண்டு நீ கேட்டது என்ன என்று மற்றவன் கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. (இதைப் பறைக்கு நேர்ந்த இழிவோடு ஒப்பிட்டு எழுதிவிட ஒரு ஆசை வரும். நான் எழுத மாட்டேன். பறையைச் சத்தம் என்று சொன்னது சாதி, அது பிறப்பின்மேல் ஏற்றப்பட்டது. உறுமலை, வேறு குரலும் கிடைக்கக்கூடிய சுவீடன் இளைஞர்கள் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். இரண்டும் ஒன்றில்லை.)

‘ஹெரிடேஜ்’ஜின் அட்டையை டிராவிஸ் ஸ்மித் வரைந்தார். ஒரு மரம், கிளைகளில் பழங்களாகக் குழுவினரின் முகங்கள். பதிவு முடிந்ததும் விலகிப்போன கீபோர்டுக் கலைஞர் பெர் விபெரியின் முகம் உதிர்ந்து விழுகிறது. வேரடியில் முன்னாள் உறுப்பினர்களின் மண்டையோடுகள். பெயரே மரபுரிமை. எந்த மரபுக்கு நான் வாரிசு என்பதை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று ஓகர்ஃபெல்ட் அன்று அறிவித்தார்: எழுபதுகளுக்கு, யான் யோஹான்சனுக்கு. ரசிகர்கள் அவருக்கே வாரிசாக வந்து நின்று பங்கு கேட்டார்கள். 2024-இல் அவர் எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு உயில் என்பது தற்செயலாக எனக்குப் படவில்லை. முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலம், ஒரு பணக்காரக் குடும்பத்தின் தலைவன் செத்துப்போயிருக்கிறான். அவனது உயில் வாசிக்கப்படுகிறது. இரட்டையரான பிள்ளைகளும், அந்த வீட்டில் வளர்ந்த போலியோ பாதித்த ஒரு பெண்ணும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏழு பாட்டுகளுக்குப் பெயர்கூடக் கிடையாது, சட்டப் பத்திரத்தில் இருப்பதுபோல் பிரிவுக்குறியும் எண்ணும்தான். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் இடையிடையே பேசுகிறார், புல்லாங்குழலும் வாசிக்கிறார். உறுமல் திரும்பியிருக்கிறது.

‘அப்பாடா’ என்றவர்கள் ஒரு பக்கம். சந்தைக்குப் பணிந்துவிட்டார் என்று சொன்னவர்கள் மறுபக்கம், அதாவது பழைய முதிர்ச்சிக்காரர்கள். உறுமல் வந்தும் பழைய ஓபெத் வரவில்லையே, எழுபதுகளின் தொந்தரவு இன்னும் போகவில்லையே என்று குறைப்பட்டவர்கள் மூன்றாவது. மூன்று பேருமே உறுமல் எங்கே வருகிறது, யாருடைய வாயில் வருகிறது என்று பார்த்ததாகத் தெரியவில்லை. எனக்குக் கேட்கிற அளவில் அது பெரும்பாலும் செத்துப்போன அந்தத் தகப்பனுடையது. பிணத்தின் சட்டக்குரல். முன்பு சொல்லையும் ஆளையும் அழித்த உறுமல் இங்கே கையெழுத்தும் முத்திரையும் வைத்த அதிகாரமாகப் பேசுகிறது, ஷரத்து ஷரத்தாகச் சொத்தைப் பிரிக்கிறது. ரசிகர்கள் பதின்மூன்று வருஷமாகத் திருப்பிக் கேட்ட குரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஒரு கெட்ட தகப்பனின் வாயில் வைத்து. இது கிண்டலா, சமரசமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் கலந்ததாகவே ஒலிக்கிறது. நடுவிலுள்ள இரண்டொரு பாட்டுகள் நெரிசலாக, கதையைச் சொல்லி முடிக்கிற அவசரத்தில் மூச்சு விடாமல் ஓடுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘பிளாக்வாட்டர் பார்க்’ தந்த அந்த இடைவெளி இதில் குறைவு.

கடைசிப் பாட்டுக்கு மட்டும் பெயர் உண்டு, ‘எ ஸ்டோரி நெவர் டோல்ட்’. உயில் அந்தப் பெண்ணைத் தன் ரத்தம் என்று சொல்லி வாரிசாக்கி முடிந்துவிட்டது. பிறகு அவளுக்கு ஒரு கடிதம் வருகிறது. அவள் அவனுடைய ரத்தமே இல்லை என்று தெரிகிறது. சொத்து முழுக்கப் பாத்தியதை இல்லாதவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இந்தச் சேதியைச் சொல்லும்போது உறுமல் இல்லை, மென்குரல்தான். ஏழு பாட்டுகள் நெடுகக் கேட்ட தகப்பன் குரலிலிருந்து பிரிந்து வருவதால், ‘ஹெரிடேஜ்’ஜில் அதற்குக் கிடைக்காமல் போன பலம் இங்கே கிடைத்திருக்கிறது. உறுமலுக்காகவே இந்தத் தொகுப்பை வாங்கினவர்களில் சிலர் இந்தப் பாட்டை ‘இழுவை’ என்று சொல்லித் தாண்டிப்போகிறார்கள். உயில் செல்லாது என்கிற விவரம் அதில்தான் இருக்கிறது.