மெட்டு தேடிய சொல்

மெட்டுக்குச் சொல் தேடுவது கவிதைக்கு இழுக்கென்போர், ‘யெஸ்டர்டே’ என்னும் ஆங்கிலப் பாடல் பிறந்த வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நன்று. இலண்டன் விம்போல் தெரு வீடொன்றின் மாடியறையில் துயிலெழுந்த பால் மெக்கார்ட்னியின் நெஞ்சில் மெட்டு முழுமையாய் நின்றது. பிறர் மெட்டோ என அஞ்சியவர், அறிந்தவரிடமெல்லாம் பாடிக்காட்டி வினவினார். இரவலன்று எனத் தெளிந்த பின்னரும் உரிய சொல் வாய்க்கவில்லை. முட்டைப் பொரியலைப் பற்றிய வேடிக்கைச் சொற்களே (நல்லவேளை, அவை நிலைக்கவில்லை!) நெடுநாள் அவ்விடத்தை நிரப்பின. 1965 மே திங்களில், போர்த்துகல் பயணத்தின்போதுதான் சொல் கிட்டியது. மூவசை கொண்ட அச்சொல் மெட்டின் முதல் மூன்று சுரங்களில் பிசிறின்றிப் பொருந்தியது. ‘நேற்று’ என்னும் அதன் பொருளோ இசையின் ஏக்கத்தோடு ஒன்றியது. வேடிக்கைச் சொல்லோடு அவர் நிறைவுற்றிருப்பின் அன்றோ இழுக்கு?

ஜூன் 14இல் பாடல் பதிவாயிற்று. பீட்டில்ஸ் குழுவினர் நால்வருள் அவர் ஒருவரே கிதார் மீட்டிப் பாடினார். வயலின் முதலிய நரம்புக் கருவிகள் நான்கினைச் சேர்க்கலாம் என்றார் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். முதலில் தயங்கிய மெக்கார்ட்னி பின்னர் இசைந்தார். ஆயினும், சுரங்களை நடுக்கமின்றி நேராக இசைக்குமாறு வேண்டினார். துயரத்தை மிகைப்படுத்தாத அவ்வடக்கம் சொல்லிலும் உண்டு: பிரிவின் காரணம் பாடலில் கூறப்படுவதேயில்லை.